கல்லூரி கூடைப்பந்தும் ஊடகச் சாய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தைப் பின்தொடர்பவர்கள் மார்ச் மாதம் வந்தாலே ஒரு சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். “டியூக்கைத் தூக்கிப் பிடிப்பதே ஈஎஸ்பிஎன்தான்”, “எங்கள் அணியை யாருமே காட்டுவதில்லை”, “தேர்வுக் குழுவே டிவிக்காரர்கள் கையில்” என்று ஆளுக்கொரு பக்கம். (டியூக் ஒரு புகழ்பெற்ற கல்லூரி அணி; ஈஎஸ்பிஎன் ஒரு விளையாட்டுச் சேனல்.) இந்தச் சண்டையில் வழக்கமாக எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன். பெரும்பாலும் ஆண்கள் பிரிவைப் பற்றித்தான். பெண்கள் பிரிவுக்குக் கடைசிப் பகுதியில் தனி இடம் உண்டு.

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது? புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நவம்பரில் பருவம் தொடங்கும். முதல் டிவிஷனில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள். இவை கான்பரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடும்: ஏசிசி, எஸ்இசி, பிக் டென், பிக் ஈஸ்ட், பிக் 12 ஆகியவை பெரியவை. மார்ச்சில் 68 அணிகள், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் போட்டிக்குத் தேர்வாகும். கான்பரன்ஸ் பட்டம் வென்றவர்கள் நேரடியாக நுழைவார்கள். மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பும். தோற்றால் வெளியே. ‘மார்ச் மேட்னஸ்’ என்பது இதுதான்.

“ஊடகச் சாய்வு” என்று எதைச் சொல்கிறீர்கள்? வர்ணனையாளர் ஒரு அணியைப் புகழ்வதையா?

அதையும் சேர்த்துதான். ஆனால் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்த்தால் சண்டை பாதி குறைந்துவிடும்.

முதலாவது, பேச்சு. ஈஎஸ்பிஎன் வர்ணனையாளர் டிக் வைட்டேல் போன்றவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு டியூக்கைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுவது. ரசிகர்களுக்கு எரிச்சலூட்டுவது இது. இரண்டாவது, தரவரிசை. பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி செய்தி நிறுவனத்தின் பட்டியல், பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் போடும் தளங்கள். மூன்றாவது, அட்டவணை. யாருடைய ஆட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தச் சேனலில், எத்தனை முறை வருகிறது என்பது.

முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதுதான் உண்மையில் வேலை செய்கிறது என்பது என் கட்சி.

நேரடியாகக் கேட்கிறேன். ஊடகம் ஒரு அணியை ஜெயிக்க வைக்க முடியுமா?

களத்தில் முடியாது. 2022-23 பருவம் தொடங்கும்போது ஏபி பட்டியலில் முதலிடம் நார்த் கரோலைனாவுக்கு. முந்தைய ஏப்ரலில் இறுதி ஆட்டம்வரை போய் கான்சாஸிடம் 72–69 என்று தோற்ற அணி. முக்கிய வீரர்கள் பலர் திரும்பி வந்திருந்தார்கள். பெரிய பெயர், பெரிய ரசிகர் கூட்டம், டிவியில் நல்ல நேரம், எதற்கும் குறைவில்லை. மார்ச்சில் 20 வெற்றி, 13 தோல்வி. 68 அணிப் பட்டியலிலேயே பெயர் இல்லை. 1985ல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, பருவத் தொடக்கத்தில் முதலிடம் பெற்றுவிட்டு உள்ளேயே வராமல் போன முதல் அணி அதுதான்.

சிகாகோவின் டீபால் இதைவிட நல்ல உதாரணம். பெரிய நகரம், பிக் ஈஸ்ட் கான்பரன்ஸ், தேசிய அளவில் ஒளிபரப்பு எல்லாம் உண்டு. 2004க்குப் பிறகு 2025 வரை ஒருமுறைகூட என்சிஏஏ போட்டிக்குள் கால் வைக்கவில்லை. காமிரா பார்த்துக்கொண்டிருந்தால் பந்து தானாகக் கூடைக்குள் விழுந்துவிடுவதில்லை.

அப்படியானால் பிரச்சினையே இல்லை என்கிறீர்களா?

இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு ஊடகத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் யார் எந்த வீரர்களோடு, எவ்வளவு பணத்தோடு, யாருக்கு எதிராக ஆட வருகிறார்கள் என்பதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுகளில் டிவியின் கை இருக்கிறது.

1979ஆம் ஆண்டைப் பாருங்கள். மார்ச் 26, சால்ட் லேக் சிட்டி. மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டும் லாரி பேர்டின் இண்டியானா ஸ்டேட்டும் இறுதி ஆட்டத்தில் மோதின. இண்டியானா ஸ்டேட் அதுவரை 33 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 75–64 என்று மிச்சிகன் ஸ்டேட் வென்றது. அந்த ஆட்டத்துக்கு டிவியில் கிடைத்த 24.1 ரேட்டிங்கை இன்றுவரை எந்தக் கல்லூரி ஆட்டமும் தொடவில்லை. ஊடக வெளிச்சம் ஒன்றே போதுமென்றால், இண்டியானா ஸ்டேட் அதன்பின் பெரும் சக்தியாக வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? பேர்ட் தொழில்முறை ஆட்டத்துக்காக பாஸ்டன் அணிக்குப் போனார். கல்லூரி மறுபடி என்சிஏஏ போட்டிக்குள் வர 2000 ஆகிவிட்டது.

அதே 1979ல் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. மே மாதம் பிக் ஈஸ்ட் உருவானது. செப்டம்பர் 7ஆம் தேதி கனெடிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சிற்றூரிலிருந்து ஈஎஸ்பிஎன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரே ஒரு இரவு தேசமே பார்த்த அணி காணாமல் போனது. வாராவாரம் காட்டப்பட்ட அணிகள் நிலைத்தன.

பிக் ஈஸ்ட் கதையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

பிராவிடன்ஸ் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்த டேவ் கவிட்தான் இதன் மூளை. அவர் கல்லூரிகளைச் சேர்த்த விதத்தைக் கவனித்தால் டிவி வரைபடம் கண்ணில் தெரியும். நியூயார்க்குக்கு செயின்ட் ஜான்ஸ், வாஷிங்டனுக்கு ஜார்ஜ்டவுன், பாஸ்டனுக்கு பாஸ்டன் காலேஜ், நியூ ஜெர்ஸிக்கு சீட்டன் ஹால். அடுத்த ஆண்டே பிலடெல்பியா பக்கத்து வில்லனோவா. பெரிய டிவி சந்தைக்கு ஒரு கல்லூரி.

பக்கத்திலேயே ஈஎஸ்பிஎன் என்ற புதிய சேனல், 24 மணி நேரத்தையும் நிரப்ப நிகழ்ச்சி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. தொழில்முறை லீக்குகளின் உரிமையை வாங்கப் பணம் போதாது. கல்லூரி கூடைப்பந்து மலிவாகக் கிடைத்தது. இருவருக்கும் தேவை பொருந்திப் போயிற்று.

பிறகு நடந்ததுதான் முக்கியம். முன்பெல்லாம் கிழக்குக் கரை நகரங்களின் நல்ல பள்ளி வீரர்கள் தெற்குக்கும் மத்திய மேற்குக்கும் போய்விடுவார்கள். இப்போது உள்ளூரில் ஆடினாலே தேசம் பார்க்கும் என்ற நிலை. புரூக்ளினின் கிறிஸ் மலின் செயின்ட் ஜான்ஸில் சேர்ந்தார். அதே புரூக்ளினின் பேர்ல் வாஷிங்டன் சிரக்கியூஸுக்குப் போனார். பாஸ்டன் அருகே வளர்ந்த பேட்ரிக் யூயிங் ஜார்ஜ்டவுனைத் தேர்ந்தெடுத்தார். தொடங்கி 6 ஆண்டுகள்கூட முடியவில்லை, 1985ல் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட். இறுதி ஆட்டத்தில் வில்லனோவா ஜார்ஜ்டவுனை 66–64 என்று சாய்த்தது.

ஒளிபரப்பு எப்படி வெற்றியாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நடுவில் இருக்கும் கண்ணி பள்ளி வீரர்கள்தான். 17 வயதுப் பையன் எந்த அணியை டிவியில் அதிகம் பார்க்கிறானோ அங்கே போக ஆசைப்படுகிறான். அவன் அம்மாவும் வீட்டிலிருந்தே ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று யோசிக்கிறார்.

டியூக்கை உருவாக்கியது ஈஎஸ்பிஎன்தானே?

இந்தக் கேள்வி வராத ஆண்டே கிடையாது.

மைக் ஷஷெவ்ஸ்கி 1980ல் டியூக் பயிற்சியாளராக வந்தார். முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. துரத்துங்கள் என்று முன்னாள் மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் விடாப்பிடியாக அவரை வைத்துக்கொண்டார். 1982ல் சேர்ந்த ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ் கூட்டம் 1986ல் இறுதி ஆட்டம்வரை போனது. 1991, 1992ல் பட்டங்கள். பின்னர் 2001, 2010, 2015. இதை எந்தச் சேனலும் அவருக்குக் கட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் ஈஎஸ்பிஎன் வீடுகளுக்குள் பரவிய அதே 1980களில் டியூக் எழுந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். பக்கத்து ஊர் எதிரியாக நார்த் கரோலைனா. இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே சுமார் 10 மைல். 9,314 பேர் மட்டுமே அமரக்கூடிய பழைய கேமரூன் அரங்கம். முகத்தில் நீலச் சாயம் பூசிய மாணவர்கள் கோட்டருகே நின்று கூச்சலிடுவது திரையில் அற்புதமாக இருக்கும். விரும்புகிறவர்களும் பார்ப்பார்கள், வெறுப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். சேனலுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பழைய வீரர் ஜே பிலாஸே இன்று ஈஎஸ்பிஎன்னின் முக்கிய ஆய்வாளர்களில் ஒருவர். சதி என்று சொல்ல இது போதாது; ஆனால் அந்த வீட்டில் டியூக்குக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்பது பொய்யில்லை.

சேனல் டியூக்கை உருவாக்கவில்லை, கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்பேன். 2011 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் ‘சாம்பியன்ஸ் கிளாசிக்’ என்று ஈஎஸ்பிஎன் நடத்துகிறது. டியூக், கான்சாஸ், கென்டக்கி, மிச்சிகன் ஸ்டேட் என்று அதே நான்கு அணிகள். ஒரு பருவம் சுமாராக ஆடினாலும் அடுத்த ஆண்டு அந்த மேடை காத்திருக்கும். இறங்குவோர் இல்லாததால் ஏறுவோரும் இல்லை.

டிவி இல்லாத காலத்தில் ஆதிக்கம் செலுத்திய அணிகள் இல்லையா?

ஏன் இல்லை. ஜான் உடனின் யுசிஎல்ஏ 1964 முதல் 1975 வரை 10 பட்டங்கள் வென்றது. வழக்கமான பருவத்தின் ஒரு கல்லூரி ஆட்டம் மாலை நேரத்தில் நாடு முழுக்க ஒளிபரப்பானதே 1968 ஜனவரியில்தான்: ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோமில் 52,693 பேர் முன்னால் ஹூஸ்டன் யுசிஎல்ஏவை 71–69 என்று வென்ற ஆட்டம். அதற்குள் உடன் கணிசமான பட்டங்களைச் சேர்த்துவிட்டார்.

ஏபி தரவரிசை தேர்வை மாற்றுகிறதா?

அதிகாரபூர்வமாக இல்லை. அது 60 பேர் அளவிலான பத்திரிகையாளர்கள் வாராவாரம் போடும் 25 அணிப் பட்டியல். தேர்வுக் குழு தன் சொந்தக் கணக்குகளைப் பார்க்கிறது: 2018 வரை ஆர்பிஐ, அதன்பின் நெட் என்ற தரவரிசைக் கணக்கு. வெளியார் கணக்குகளும் மேசையில் இருக்கும்.

ஏபி பட்டியலின் தாக்கம் வேறு இடத்தில். திரையின் ஓரத்தில் அணியின் பெயருக்கு முன் சின்னதாக ஒரு எண் வருகிறதே, அது இருந்தால் ஆட்டம் நல்ல நேரத்துக்குப் போகும். “தரவரிசை அணியை வீழ்த்தினோம்” என்று எதிரணியும் மார்தட்டும்.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பருவத் தொடக்கப் பட்டியலை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. யாரிடம் திறமையான வீரர்கள் இருக்கிறார்கள் என்ற தகவல் அதில் இருக்கிறது. மார்ச்சில் யார் எவ்வளவு தூரம் போவார்கள் என்று ஊகிக்க அது ஓரளவு உதவவும் செய்கிறது. பெரிய பெயர்களுக்குக் கிடைக்கும் சலுகையில் ஒரு பங்கு உண்மையான தகுதி. எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை.

தேர்வுக் குழு டிவி ரேட்டிங்குக்காகப் பெரிய பெயர்களை உள்ளே இழுக்கிறது என்கிறார்களே?

அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2024. இண்டியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வி. நெட் பட்டியலில் முதல் 30க்குள். கண்ணாடி போட்ட சென்டர் வீரர் ராபி அவிலா இணையத்தின் செல்லப்பிள்ளை. கரீம் அப்துல்-ஜபாரின் பெயரை வைத்து அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கான்பரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் தோற்றது. குழு அவர்களை எடுக்கவில்லை. அதே ஆண்டு உள்ளே வந்த வர்ஜீனியா தன் முதல் ஆட்டத்தில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67–42 என்று படுதோல்வி கண்டது.

2025. நார்த் கரோலைனா 22 வெற்றி, 13 தோல்வி. மிகக் கடினமான எதிரிகள் என்று குழு வகைப்படுத்தும் ‘குவாட் 1’ ஆட்டங்களில் 13ல் ஒன்றுதான் வெற்றி. ஆனாலும் கடைசி இடங்களில் ஒன்றைப் பெற்றது. தேர்வுக் குழுவின் தலைவர் அந்த ஆண்டு நார்த் கரோலைனாவின் சொந்த விளையாட்டு இயக்குநர் பப்பா கன்னிங்காம். தன் அணியைப் பற்றிய விவாதத்தின்போது அவர் அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. அப்படியே விலகியிருந்ததாகக் குழு சொன்னது. வெளியே தள்ளப்பட்ட வெஸ்ட் வர்ஜீனியாவின் ஆளுநரோ செய்தியாளர் கூட்டம் போட்டு விசாரணை வேண்டும் என்றார். நார்த் கரோலைனா முதல் ஆட்டத்தில் சான் டியேகோ ஸ்டேட்டை 95–68 என்று நொறுக்கியது, அடுத்ததில் மிசிசிப்பியிடம் தோற்று வீட்டுக்குப் போனது.

முதல் கதை சொல்வது: ஊடகச் செல்லமாக இருந்தால் மட்டும் சீட்டு கிடைக்காது. இரண்டாவது: பெரிய வீட்டுப் பிள்ளைக்குச் சந்தேகத்தின் பலன் கிடைக்கும். டிவிக்காரர் யாரோ போன் போட்டார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. எனக்கு அந்தப் போனே தேவையில்லாத ஒன்றாகத் தெரிகிறது. ஏனென்று அடுத்த பதிலில்.

குவாட் 1 என்பது கணக்குதானே? அதில் எப்படிச் சாய்வு வரும்?

கணக்கு நேர்மையானதுதான். வாய்ப்புதான் சமமில்லை.

குவாட் 1 ஆட்டம் என்றால் சொந்த ஊரில் முதல் 30 இடத்து அணி, பொது இடத்தில் முதல் 50, எதிரி ஊரில் முதல் 75 என்று வரம்பு. எஸ்இசியிலோ பிக் 12லோ இருக்கும் அணிக்கு இத்தகைய ஆட்டங்கள் கான்பரன்ஸுக்குள்ளேயே கொட்டிக் கிடக்கும். 13 வாய்ப்பில் 12 தோற்றாலும் “கடினமான எதிரிகளோடு ஆடினார்கள்” என்று எழுதிக்கொள்ளலாம். இண்டியானா ஸ்டேட் மாதிரி அணிக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும், அதுவும் வெளியூரில். பெரிய கல்லூரிகள் அவர்கள் ஊருக்குப் போய் ஆட ஒப்புக்கொள்வதில்லை. வென்றால் பெருமை இல்லை, தோற்றால் மானம் போகும். பணம் கொடுத்துச் சின்ன அணியைத் தன் ஊருக்கு வரவழைத்து ஆடிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம்.

நவம்பர், டிசம்பரில் பொது இடங்களில் நடக்கும் பல அணிப் போட்டிகள்தான் மீதி வாய்ப்பு. அவற்றில் கணிசமானவற்றை நடத்துவது ஈஎஸ்பிஎன்னின் சொந்த நிறுவனமே. யாரை அழைப்பது? பார்ப்பவர்களைக் கூட்டி வருபவர்களைத்தான். ஆக மார்ச்சில் குழு பார்க்கும் எண்களின் ஒரு பகுதி நவம்பரில் ஒளிபரப்பு அட்டவணை போட்டவர் கையால் எழுதப்பட்டது. வர்ணனையில் யார் யாரைப் புகழ்ந்தார் என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

வர்ணனையாளர்கள் நேரலையில் குழுவைத் திட்டுவது அடுத்த ஆண்டுத் தேர்வை மாற்றுமா?

மாற்றியதாகச் சொல்ல முடியவில்லை. திட்டியவர்கள் மூக்குடைந்ததுதான் நினைவில் நிற்கிறது.

2004ல் செயின்ட் ஜோசப்ஸ் வழக்கமான பருவத்தில் 27 ஆட்டமும் வென்று, கான்பரன்ஸ் போட்டியில் ஒன்று தோற்று, முதல் சீடாக வந்தது (சீட் என்பது குழு தரும் வரிசை எண்; எண் சிறியதானால் அணி வலுவானது). சிபிஎஸ் சேனலின் வர்ணனையாளர் பில்லி பேக்கர் இவர்களுக்கு முதல் சீடுக்குத் தகுதியில்லை என்றார். பயிற்சியாளர் பில் மார்டெல்லி பொரிந்து தள்ளினார். அணி கடைசி எட்டுவரை போய் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 64–62 என்று நூலிழையில் தோற்றது. 2006ல் சின்னக் கான்பரன்ஸுகளுக்கு இத்தனை இடமா என்று அதே பேக்கர், ஜிம் நான்ட்ஸோடு சேர்ந்து குழுத் தலைவரை நேரலையில் குடைந்தார். அந்த ஆண்டு 11ஆம் சீடான ஜார்ஜ் மேசன், மிச்சிகன் ஸ்டேட், நார்த் கரோலைனா, கனெடிகட் என்று வரிசையாகக் கவிழ்த்து கடைசி நான்குக்குப் போனது. 2011ல் விசியு (வர்ஜீனியா காமன்வெல்த்) கல்லூரி தேர்வானதை வைட்டேலும் பிலாஸும் கடுமையாக விமர்சித்தார்கள். பயிற்சியாளர் ஷக்கா ஸ்மார்ட் அந்த விமர்சனங்களையே வீரர்களுக்குச் சூடேற்றப் பயன்படுத்தினார். முதல் சீடான கான்சாஸை 71–61 என்று வீழ்த்திக் கடைசி நான்குக்கு அந்த அணியும் போனது.

நடுவர்கள் பிரபலமான அணிகளுக்குச் சாதகமாக விசில் ஊதுகிறார்களா?

சொந்த ஊர் அணிக்குச் சாதகம் உண்டு என்பதும், ஒரு பக்கம் ஃபவுல் அதிகமானால் அடுத்த விசில் மறுபக்கம் போக வாய்ப்பு கூடுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பெரிய கல்லூரிகள் நவம்பர், டிசம்பரில் சொந்த ஊரில் அதிகம் ஆடுவதால் அந்தச் சாதகம் அவர்களுக்கு அதிகம் கிடைக்கிறது. பெயரைப் பார்த்து விசில் ஊதுகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை.

ஒளிபரப்புபவரே கான்பரன்ஸ் சேனலின் உரிமையாளராகவும் இருப்பது சரியா?

2014ல் தொடங்கிய எஸ்இசி நெட்வொர்க், 2019ல் தொடங்கிய ஏசிசி நெட்வொர்க் இரண்டும் ஈஎஸ்பிஎன்னுடையவை. 2007ல் வந்த பிக் டென் நெட்வொர்க்கில் பெரும்பங்கு ஃபாக்ஸுடையது. அந்த கான்பரன்ஸ் நன்றாக ஆடுகிறது என்று மக்கள் நம்பினால் இவர்களுக்கு லாபம். அதே ஆட்களே ஸ்டுடியோவில் உட்கார்ந்து “நாட்டிலேயே வலுவான கான்பரன்ஸ் எது?” என்று விவாதிக்கிறார்கள்.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். 2025ல் எஸ்இசியின் 16 அணிகளில் 14 உள்ளே வந்தன, வரலாற்றில் அதிகபட்சம். ஊதிப் பெருக்கிய பலூன் என்று பலர் கேலி செய்தார்கள். ஆபர்ன், புளோரிடா இரண்டும் கடைசி நான்கில் நின்றன; புளோரிடா ஹூஸ்டனை 65–63 என்று வென்று பட்டத்தையும் தூக்கியது. அந்த வலிமையில் பாதி பணத்தின் வலிமை. பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பால் ஒளிபரப்பு கொண்டு வந்தது.

அந்தப் பணம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு மேற்குக் கரையைப் பார்க்கலாம். நல்ல ஒளிபரப்பு ஒப்பந்தம் அமையாததால் பேக் 12 கான்பரன்ஸ் 2024ல் சிதறியது. யுசிஎல்ஏ இப்போது பிக் டென்னில், நியூ ஜெர்ஸிவரை பறந்து போய் ஆடுகிறது. ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் சேர்ந்த இடம் அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ். பசிபிக் கரையில் இருந்துகொண்டு!

கன்சாகா போன்ற அணிகள் இதையெல்லாம் மீறி வரவில்லையா?

வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் சிறிய ஏசுசபைக் கல்லூரி. 1999ல் 10ஆம் சீடாக வந்து கடைசி எட்டுவரை போனது. அதே கோடையில் பயிற்சியாளர் டான் மான்சனை மின்னசோட்டா கொத்திக்கொண்டு போனது. பொதுவாகச் சின்னக் கல்லூரியின் கதை இங்கே முடிந்துவிடும். உதவியாளர் மார்க் ஃப்யூ பொறுப்பேற்று, பெரிய கல்லூரிகள் கூப்பிட்டும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். 2017, 2021ல் இறுதி ஆட்டம். 2025 வரை ஒரு போட்டியையும் தவறவிட்டதில்லை.

டிவி அவர்களைப் புறக்கணித்தது என்பதும் முழு உண்மையில்லை. கிழக்கில் எல்லா ஆட்டமும் முடிந்த பின் ஈஎஸ்பிஎன்னுக்கு நள்ளிரவு நிகழ்ச்சி வேண்டும். நேர வித்தியாசத்தால் கன்சாகா அந்த இடத்தை நிரப்பியது. பாதித் தேசம் தூங்கியிருக்கும்தான். ஆனால் விழித்திருக்கும் பள்ளி வீரன் பார்ப்பான்.

ஒரு சின்னக் கல்லூரி மார்ச்சில் அதிரடி காட்டினால் அந்தப் புகழை வைத்து வளர முடியாதா?

முன்பு ஓரளவு முடிந்தது. கன்சாகாவும், 2010, 2011ல் இறுதி ஆட்டம் கண்டு பின்னர் பிக் ஈஸ்ட்டுக்கு ஏறிய பட்லரும் சாட்சி. கான்பரன்ஸுக்கும் பணம் வரும்: போட்டியில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ‘யூனிட்’, 6 ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும், ஒரு யூனிட் சுமார் 20 லட்சம் டாலர். கல்லூரிக்கு மாணவர் விண்ணப்பங்களும் கூடும்.

இப்போது புகழ் வேறு மாதிரி வேலை செய்கிறது. 2022ல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற நியூ ஜெர்ஸிக் கல்லூரி 15ஆம் சீடாக வந்து கென்டக்கியையும் பர்டியூவையும் வீழ்த்திக் கடைசி எட்டில் நின்றது. அந்தத் தகுதியைத் தொட்ட முதல் 15ஆம் சீட். மாதம் முடிவதற்குள் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலுக்குப் போனார். மீசையால் பிரபலமான டக் எடர்ட் உட்பட முக்கிய வீரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் பிரிந்தார்கள். 2024ல் இண்டியானா ஸ்டேட்டுக்கும் அதேதான்: பயிற்சியாளர் ஜோஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்கு, பின்னாலேயே அவிலாவும்.

காரணம் 2021. அந்த ஆண்டு வீரர்கள் ஒரு பருவம் காத்திருக்காமல் கல்லூரி மாறலாம் என்ற விதி வந்தது. ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி. 2025 நீதிமன்றச் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். சின்ன அணியின் மேல் விழும் வெளிச்சம் இப்போது பெரிய அணிகள் வீரர்களைப் பார்த்து எடுத்துப்போகும் ஒரு கடைக் கண்ணாடி. வீரர்கள் பார்வையில் இது நியாயம் என்பதை மறுக்க மாட்டேன். யாராவது கூடுதல் சம்பளத்தை வேண்டாம் என்பார்களா? கல்லூரியின் பக்கம் நின்று பார்த்தால்தான் வலிக்கிறது.

பெண்கள் பிரிவில் என்ன நிலை?

ஊடகம் ஒரு விளையாட்டின் வளர்ச்சியையே எப்படிப் பிடித்துவைக்கும் என்பதற்குப் பாடம் இங்கேதான்.

2021ல் இரண்டு பிரிவுகளின் போட்டிகளும் கொரோனா காரணமாக மூடிய வளையத்தில் நடந்தன. ஆண்களுக்கு முழு உடற்பயிற்சிக் கூடம். சான் அன்டோனியோவில் பெண்களுக்கு ஒரே ஒரு சிறிய டம்பெல் அடுக்கு. ஒரேகான் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்டார். என்சிஏஏவுக்கு வேறு வழியில்லாமல் வெளியார் விசாரணை. ஆகஸ்டில் வந்த கேப்லன் அறிக்கை உடற்பயிற்சிக் கூடத்தைத் தாண்டிப் போனது: ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரைக்கூட ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தார்கள், பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை மற்ற விளையாட்டுகளோடு மூட்டை கட்டி மலிவாகக் கொடுத்திருந்தார்கள், தனியாக விற்றால் 2025ல் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர்வரை தேறும் என்று மதிப்பிட்டது.

விலையே போடாமல் வைத்துவிட்டு “பார்க்க ஆளில்லை” என்று சொன்ன காலம் அது. 2024 இறுதி ஆட்டத்தில் கெய்ட்லின் கிளார்க்கின் அயோவாவும் சவுத் கரோலைனாவும் மோதியதை சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிக்கு 1.48 கோடி. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் என்சிஏஏ மறுபடி ஈஎஸ்பிஎன்னோடு 8 ஆண்டுக்கு 92 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது, மறுபடியும் மற்ற விளையாட்டுகளோடு சேர்த்து. வெற்றி பெற்ற பெண்கள் அணிகளுக்கு யூனிட் பணம் கிடைக்கத் தொடங்கியது 2025ல்தான்.

கனெடிகட் பெண்கள் அணி இதில் ஒரு விதிவிலக்கு. 1994 முதல் மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சியே அவர்கள் ஆட்டங்களைத் தொடர்ந்து காட்டியது. 1995 ஜனவரியில் டென்னசியை 77–66 என்று வென்ற ஆட்டம் ஈஎஸ்பிஎன்னில் வந்தது. அந்தப் பருவம் 35–0 என்று முடிந்தது. ஈஎஸ்பிஎன் தலைமையகமும் அதே மாநிலம்தான் என்று கண்ணடிப்பவர்கள் உண்டு. ஆனால் ஜீனோ ஆரியம்மா 1991லேயே கடைசி நான்குக்கு அணியைக் கொண்டுபோய்விட்டார். அணி முதலில், காமிரா பிறகு. காமிரா வந்த பின் நாட்டின் சிறந்த பள்ளி வீராங்கனைகள் வந்தார்கள். 2025 வரை 12 பட்டங்கள்.

ஒரு அணி நல்ல அணியா, விளம்பரமா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியூர் ஆட்டங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். டிசம்பர் கடைசிவரை ஒரு பெரிய அணி எதிரியின் ஊருக்கு எத்தனை முறை போயிருக்கிறது என்று எண்ணினாலே பாதி விடை கிடைக்கும். கென் பொமராய் தளத்தில் 100 பந்துவாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுக்கிறார்கள், எத்தனை விடுகிறார்கள் என்ற கணக்கு, எதிரியின் வலிமைக்கேற்பத் திருத்தப்பட்டு இருக்கும். அதற்குக் கல்லூரியின் ரசிகர் கூட்டம் தெரியாது. மார்ச்சில் 5ஆம் சீடுக்கும் 12ஆம் சீடுக்கும் அந்தக் கணக்கில் வித்தியாசம் குறைவாக இருந்தால், டிவி ஒலியை நிறுத்திவிட்டு அந்த ஆட்டத்தைப் பாருங்கள்.